அறுபதைக் காணாதவர்கள்: நடுவயதில் மறைந்த இத்தாலிய நடிகர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடுவயது என்று எந்த வயதைச் சொல்கிறீர்கள்?

நாற்பதிலிருந்து அறுபது வரை. நம் கணக்கில் சொன்னால், அறுபதாம் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்கள். 31 வயதில் இறந்த ருடால்ஃப் வாலண்டினோ இதில் வரமாட்டார். 39 வயதில் போன பியர் ஆஞ்செலியும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான். ஒரே ஒருவருக்கு மட்டும் ஒரு வருடம் தள்ளுபடி கொடுத்திருக்கிறேன்: ஜான் மரியா வொலொன்தே, 61. அவரை விட்டுவிட்டு இந்தப் பேச்சைப் பேச மனம் வரவில்லை.

இளம் வயதில் இறந்த நட்சத்திரங்களைப் பற்றித்தானே எல்லோரும் எழுதுகிறார்கள்? நடுவயதில் என்ன விசேஷம்?

இளம் வயதில் போனவர் ஒரு முகத்தை விட்டுவிட்டுப் போகிறார். அந்த முகம் சுவரொட்டியில் அப்படியே நின்றுவிடுகிறது. நடுவயதில் போனவர் விட்டுச் செல்வது பாதி வேலை. இத்தாலிய சினிமாவில் இந்த நஷ்டம் கூடுதலாக உறைக்கும். ஏனென்றால் அங்கே நடிகர்களுக்கு ஐம்பதுக்கு மேல்தான் நல்ல சாப்பாடு பரிமாறினார்கள். வித்தோரியோ கஸ்மன் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கியது 1975-ல், 52 வயதில். மார்செல்லோ மாஸ்த்ரொயானி 1987-ல் அதே விருதை வாங்கும்போது அவருக்கு 62. அல்பெர்த்தோ சோர்தியும் நீனோ மன்ஃப்ரெதியும் தொப்பை விழுந்து, தலை நரைத்த பிறகும் கதாநாயகர்களாகவே இருந்தார்கள். ஆகவே நாற்பத்தைந்தில் ஒருவர் போனால், அவருடைய இரண்டாம் பாதியை நாம் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

யாரிலிருந்து தொடங்குவது?

மாசிமோ ட்ரோய்சி. சந்தேகமே இல்லை.

1953 பிப்ரவரி 19-ல் பிறந்தார். ஊர், நேப்பிள்ஸ் பக்கத்தில் வெசூவியஸ் எரிமலையின் அடிவாரத்தில் இருக்கிற சான் ஜோர்ஜோ ஆ கிரெமானோ. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. வீடு நிறைய ஆட்கள். லெல்லோ அரேனா, என்சோ தெகாரோ என்ற இரண்டு நண்பர்களோடு சேர்ந்து 'லா ஸ்மோர்ஃபியா' என்ற நகைச்சுவைக் குழு நடத்தி, மேடையிலும் பிறகு தொலைக்காட்சியிலும் பெயர் வாங்கினார். 1981-ல் தானே எழுதி, இயக்கி, நடித்து முதல் படம் எடுத்தார். தலைப்பு: 'மூன்றிலிருந்து தொடங்குகிறேன்'. எல்லோரும் வாழ்க்கையைப் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்குவார்கள், இந்தப் படத்தின் நாயகன், "நான் செய்ததில் மூன்று விஷயம் சரியாக வந்திருக்கிறது, அதை ஏன் விடணும்? அதனால் மூன்றிலிருந்து" என்கிற ஆள்.

நேப்பிள்ஸ் பேச்சு வழக்கில் எடுத்த காமெடி நமக்குப் புரியுமா?

சப்டைட்டிலில் பாதி போய்விடும் என்பது உண்மை. அவர் ஒரு வாக்கியத்தையும் ஒழுங்காக முடிக்கமாட்டார். திக்குவார், இழுப்பார், கையை ஆட்டுவார், சொல்ல வந்ததை விட்டு வேறொன்றுக்குப் போவார். சிரிப்பு அந்த இழுவையில்தான் இருக்கிறது. ஆனால் மீதிப் பாதி போதும்.

அந்த முதல் படத்திலேயே இரண்டு இடம் சொல்கிறேன். நேப்பிள்ஸிலிருந்து ஃப்ளாரன்ஸுக்கு வருகிற நாயகன் கயெத்தானோவைப் பார்க்கிற ஒவ்வொருவரும், அவன் ஊர்ப் பெயரைக் கேட்டவுடன், "ஓ, பிழைக்க வந்தீங்களா?" என்கிறார்கள். இல்லைங்க, ஊர் சுற்ற வந்தேன் என்று அவன் சொல்லிச் சொல்லி அலுத்துப்போகிறான். தெற்கத்திக்காரன் வடக்கே வந்தால் வேலை தேடித்தான் வந்திருப்பான் என்பது அந்த நாட்டுப் பொதுப்புத்தி. இதை விளக்கவே தேவையில்லை, எந்த ஊர்க்காரருக்கும் புரியும்.

இரண்டாவது, படத்தின் கடைசியில் வருகிற பெயர் வைக்கும் பேச்சு. பிறக்கப்போகிற பிள்ளைக்கு மாசிமிலியானோ என்று வைக்கலாம் என்கிறாள் காதலி. இவனுக்கு அது பிடிக்கவில்லை. நீளமான பெயர் வைத்தால் பிள்ளை அடங்காமல் வளரும் என்கிறான். ஏன்? பையன் ஏதோ விஷமம் பண்ண ஓடுகிறான், அம்மா "மா-சி-மி-லி-யா-னோ" என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் அவன் தெருமுனையைத் தாண்டிவிடுவான். 'ஊகோ' என்று வைத்தால், கூப்பிட்டவுடன் நின்றே ஆகவேண்டும், ஓட நேரமே கிடையாது. சரி, ஊகோ ரொம்பச் சின்னதாக இருக்கிறது, பிள்ளை பயந்தாங்கொள்ளியாகிவிடும் என்று நடுவில் வந்து 'சீரோ' என்ற பெயரில் நிற்கிறார்கள். கேமரா அசைவதில்லை. இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

அவருக்கு என்ன நோய்?

சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. தொண்டைப் புண்ணில் ஆரம்பிக்கிற விஷயம் இது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியை எதிர்க்கக் கிளம்புகிற உடம்பின் தற்காப்பு, குறி தவறி மூட்டுகளையும் இதயத்தையும் தாக்குகிறது. மூட்டு வலி போய்விடும். இதய வால்வில் விழுந்த வடு போகாது. வருடக்கணக்கில் வால்வு தடித்து, சரியாகத் திறக்காமல் அல்லது மூடாமல் போகும். சரியான நேரத்தில் பென்சிலின் கொடுத்தால் தடுத்துவிடக்கூடிய நோய்தான். இந்தியாவிலும் இலங்கையிலும் இன்னும் பிள்ளைகளுக்கு வருகிறது.

ட்ரோய்சிக்கு 23 வயதிலேயே, 1976-ல், அமெரிக்காவில் ஹூஸ்டன் போய் வால்வு அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டியிருந்தது. அவர் மேடையேறிப் புகழ்பெற்றது, படம் எடுத்தது, எல்லாமே அந்த அறுவைக்குப் பிறகுதான். அதாவது நாம் பார்க்கிற ட்ரோய்சி முழுவதும் பழுதுபார்த்த இதயத்தோடு ஓடியவர்.

கடைசிப் படம் முடிந்த மறுநாளே இறந்தார் என்பது உண்மையா, விளம்பரக் கதையா?

உண்மைதான். 'இல் போஸ்தினோ', அதாவது 'தபால்காரர்'. இயக்கம் மைக்கேல் ராட்ஃபோர்ட். படப்பிடிப்பு நடந்தது 1994 வசந்தத்தில். மாற்று இதயம் பொருத்த வேண்டும் என்ற நிலை வந்தபிறகும், படம் முடியட்டும் என்று ட்ரோய்சி அதைத் தள்ளிவைத்தார். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் அவரால் வேலை செய்ய முடியவில்லை. சைக்கிள் மிதிப்பது, மேட்டில் ஏறுவது, தூரத்தில் நடந்து போவது போன்றவற்றுக்கெல்லாம் அவர் உருவத்தை ஒத்த ஒருவரை வைத்து எடுத்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பாருங்கள்: அந்தத் தபால்காரர் சைக்கிளில் போகும்போது எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், முதுகை எத்தனை தடவை காட்டுகிறார் என்பது கண்ணில் படும். முகம் தெரிகிற காட்சிகளில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பார், சாய்ந்திருப்பார், நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்த மெதுவான, சோர்ந்த தபால்காரரைப் பலரும் அற்புதமான நடிப்பு என்றார்கள். அதில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு மூச்சு வாங்கல் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

1994 ஜூன் 4-ல், ரோமுக்கு அருகே ஓஸ்தியாவில், அக்காள் தங்கை என்று நிறையப் பேர் உள்ள குடும்பத்தில் ஒரு சகோதரியின் வீட்டில், தூக்கத்தில் இதயம் நின்றது. வயது 41.

அந்தப் படத்தில் ஒரு ஒலிப்பதிவுக் காட்சி வருமே?

வரும். கதை இதுதான்: சிலி நாட்டிலிருந்து நாடு கடத்தப்பட்ட கவிஞர் பாப்லோ நெருதா 1950-களில் ஓர் இத்தாலியத் தீவில் தங்குகிறார். அவருக்கு வரும் கடிதக் குவியலைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காகவே, மீன்பிடிப்பில் நாட்டமில்லாத மீனவர் மகன் மாரியோவைத் தற்காலிகத் தபால்காரராக வைக்கிறார்கள். அவனுக்கு உவமை என்றால் என்ன என்று கவிஞர் சொல்லித்தருகிறார். அந்தோனியோ ஸ்கார்மேத்தாவின் நாவலில் கதை சிலியிலேயே நடக்கும். படத்துக்காக இத்தாலிக்கு மாற்றினார்கள். ப்ரோசிதா, சலீனா தீவுகளில் எடுத்தார்கள்.

நெருதா ஊர் திரும்பியபின், அவர் விட்டுப்போன ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு மாரியோ தீவைச் சுற்றுகிறான். ஒன்றாம் எண்: கடற்கரை அலைகள், சின்னது. இரண்டு: அலைகள், பெரியது. மூன்று: பாறையில் மோதும் காற்று. நான்கு: புதர்களில் காற்று. ஐந்து: அப்பாவின் சோக வலைகள். ஆறு: கோயில் மணி. ஏழு: தீவின் மேல் நட்சத்திர வானம். ஒலியே இல்லாத ஒன்றுக்கு முன் மைக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். எட்டு: மனைவியின் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் இதயத் துடிப்பு.

தன் இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம் என்று தெரிந்த நடிகர், இன்னொரு இதயத்தை ஒலிப்பதிவு செய்கிற காட்சி. இதை நான் கூடுதலாக விளக்கப் போவதில்லை.

ஒரு பக்கக் குறிப்பு. படத்தில் வரும் நெருதா, பிலிப் நுவாரே நடிப்பில், அன்பான பெரியவர். உண்மை நெருதா 1929-ல் கொழும்பில் தூதரக அதிகாரியாக இருந்தவர், வெள்ளவத்தையில் கடலோரம் குடியிருந்தவர். அங்கே தன் வீட்டுக் கழிப்பறையைச் சுத்தம் செய்ய வந்த தமிழ்ப் பெண்ணைப் பலவந்தப்படுத்தியதைத் தன் நினைவுக் குறிப்புகளில் அவரே எழுதிவைத்திருக்கிறார். படத்தின் நெருதாவை ரசிக்கும்போது எனக்கு அந்தப் பக்கம் நினைவுக்கு வராமல் இருந்ததில்லை. ட்ரோய்சியின் குற்றமல்ல அது.

ஆஸ்கர் கிடைத்ததா?

ட்ரோய்சிக்குக் கிடைக்கவில்லை. 1996 விழாவில் படத்துக்கு ஐந்து பரிந்துரைகள். சிறந்த படம், இயக்கம், தழுவல் திரைக்கதை, இசை ஆகியவற்றோடு, சிறந்த நடிகருக்கான பட்டியலில் இறந்துபோன ட்ரோய்சியின் பெயர். திரைக்கதையிலும் அவர் பெயர் உண்டு. நடிகர் விருதை நிக்கோலஸ் கேஜ் வாங்கினார். லூயிஸ் பகாலோவின் இசைக்கு மட்டும் விருது வந்தது.

ஜான் மரியா வொலொன்தே படப்பிடிப்பின்போதே இறந்தவர்தானே?

ஆம், அதே 1994-ல், டிசம்பர் 6. கிரேக்க இயக்குநர் தியோ ஆஞ்செலொபூலொஸின் 'யுலிஸிஸின் பார்வை' படத்துக்காக வடக்கு கிரீஸில் ஃப்ளோரினா ஊரில் இருந்தபோது மாரடைப்பு. ஒரு திரைப்படக் காப்பகத்தைக் காத்துவரும் முதியவர் வேடம். அதை எர்லாந்த் யோசெஃப்சனை வைத்து மறுபடி எடுத்து முடித்து, படத்தை வொலொன்தேக்குக் காணிக்கையாக்கினார்கள்.

நம்மில் பலருக்கு அவரை முகம் தெரியும், பெயர் தெரியாது. கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் முதல் இரண்டு 'டாலர்' கௌபாய்ப் படங்களிலும் வில்லன் அவர்தான். அந்த வியர்த்த முகம், வெறித்த கண். ஆனால் அவருக்கே அவை பெரிய விஷயமில்லை. 1970-ல் எலியோ பெத்ரியின் படத்தில், காதலியைக் கொன்றுவிட்டு, தன்மீது யாரும் சந்தேகப்படத் துணிகிறார்களா பார்ப்போம் என்று தடயங்களைத் தானே விதைக்கிற போலீஸ் உயரதிகாரியாக வந்தார். வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய படம் அது. 1972 கான் விழாவில் முதல் பரிசை இரண்டு இத்தாலியப் படங்கள் பகிர்ந்துகொண்டன. இரண்டிலும் நாயகன் இவர். ஒன்றில் ஆலைத் தொழிலாளி, இன்னொன்றில் எண்ணெய் நிறுவனத் தலைவர். கம்யூனிஸ்ட், கடல் பிரியர், பாய்மரப் படகோட்டி. சார்தீனியாவின் லா மத்தலேனா தீவில் அடக்கம் செய்தார்கள்.

வேறு யாராவது படம் பாதியில் இருக்கும்போது?

எத்தோரே மன்னி, 52. இயக்குநர் ஃபெலினியின் 'பெண்களின் நகரம்' படத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது, 1979 ஜூலையில், வீட்டில் சொந்தத் துப்பாக்கி வெடித்து இறந்தார். ஐம்பதுகளில் வாட்டசாட்டமான நாயகனாகச் சரித்திரப் படங்களில் வந்தவருக்கு, ஃபெலினி கொடுத்தது பெண்பித்துப் பிடித்த ஒரு கிழட்டு மைனர் வேடம். மீதமிருந்ததை அவர் இல்லாமலேயே சரிக்கட்டினார்கள்.

நடிகைகள்?

சில்வானா மங்கானோ, 59. 1949-ல் 'கசந்த அரிசி' படம் வந்தபோது பத்தொன்பது வயது. வடக்கே வெர்செல்லிப் பக்கம் நெல் வயல்களில் களையெடுக்க, ரயில் ரயிலாகப் பெண்கள் வருவார்கள். முழங்கால் தண்ணீரில் நாள் முழுக்கக் குனிந்து நிற்கிற வேலை. நாற்று நடவு பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சிகளில் எதுவும் அந்நியமாக இருக்காது, அவர்கள் பாடிக்கொண்டே வேலை செய்வதுகூட. அந்த வயலில் கறுப்புக் காலுறையும் குட்டைக் கால்சட்டையுமாக நின்ற மங்கானோவின் படம் உலகம் சுற்றியது. தயாரிப்பாளர் தீனோ தெ லவ்ரென்தீஸ் அந்த வருடமே அவரைத் திருமணம் செய்துகொண்டார்.

அந்த வயல்காட்டுப் படம் தந்த புகழை அவர் விரும்பியதாகவே தெரியவில்லை. வயது ஏற ஏற மெலிந்து, வெளுத்து, பேச்சைக் குறைத்து, வேறொரு ஆளாக மாறினார். இயக்குநர்கள் பசோலினியும் விஸ்கோன்தியும் தேடிவந்தது அந்த மங்கானோவை. விஸ்கோன்தியின் 'வெனிஸில் மரணம்' படத்தில் முத்துமாலையும் அகலத் தொப்பியுமாக, கதையின் மையமான பையனின் தாயாக வருவார். வசனம் கிட்டத்தட்ட இல்லை. நடந்து வந்து உட்காருவார், கூடத்தில் மற்றவர்கள் சின்னவர்களாகிவிடுவார்கள்.

1981-ல் மகன் ஃபெதெரிகோ அலாஸ்காவில் விமான விபத்தில் இறந்தார். அதற்குப் பிறகு மங்கானோ இரண்டு படத்தில்தான் தலைகாட்டினார். நுரையீரல் புற்றுநோய். 1989 டிசம்பர் 16, மாட்ரிட் நகரம்.

'ஏழைகள், ஆனால் அழகர்கள்' படத்தின் இரண்டு நாயகர்களும் சீக்கிரம் போய்விட்டார்களாமே?

ஆமாம். டினோ ரிசியின் படம், 1957. ரோமில் நவோனா சதுக்கத்துப் பக்கம் இரண்டு பையன்கள், ஒரே பெண்ணுக்காக மல்லுக்கட்டுகிறார்கள். ரெனாதோ சல்வதோரி, மவுரிட்சியோ அரேனா. சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுத் திரிகிற அந்த இருவரையும் பார்த்தால் சாவு என்ற சொல்லே நினைவுக்கு வராது. அரேனா 1979-ல், 45 வயதில், மாரடைப்பில் போனார். சல்வதோரி 1988-ல், 55 வயதில், ஈரல் கெட்டு. கதாநாயகி மரிசா அலாசியோ ஒரு பிரபுவைக் கட்டிக்கொண்டு சினிமாவை விட்டே போய்விட்டார்.

இதில் சல்வதோரி பெரிய நடிகர். விஸ்கோன்தியின் 'ரோக்கோவும் அவன் சகோதரர்களும்' (1960) படத்தில் கெட்டுச் சீரழிகிற குத்துச்சண்டைக்கார அண்ணன் சிமோனே அவர்தான். படத்தில் ஆன்னி ஜிரார்தோவைக் கத்தியால் குத்திக் கொல்கிறார். நிஜத்தில் இரண்டு வருடம் கழித்து அவரையே கல்யாணம் செய்துகொண்டார்! அந்தப் படத்தில் எல்லோரும் ரோக்கோவாக வரும் அலாங் தெலோனைத்தான் பார்ப்பார்கள். இன்னொரு தடவை பார்க்கும்போது சல்வதோரியைப் பாருங்கள்.

அதிகம் பேசப்படாத ஒருவரைச் சொல்லுங்கள்.

இருவர். ரொமோலோ வல்லி, 1980 பிப்ரவரி 1, ரோமில் கார் விபத்து, 55 முடிய ஒரு வாரம் குறைவு. 'சிறுத்தை' படத்தில் குளித்துக்கொண்டிருக்கும் இளவரசரிடம் அவசரச் செய்தியோடு வந்து மாட்டிக்கொண்டு, அவரைத் துடைத்துவிட வேண்டிவருகிற பாதிரியார். அவர் பிறந்த ரெஜ்ஜோ எமிலியாவில் நகர நாடக அரங்குக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

இன்னொருவர் ஸ்தேஃபானோ சத்தா ஃப்ளோரெஸ், நேப்பிள்ஸ்காரர். 1985 அக்டோபரில் ரத்தப் புற்றுநோயில் போனார், 48. எத்தோரே ஸ்கோலாவின் 'எவ்வளவு நேசித்தோம்' (1974) படத்தில் மூன்று நண்பர்கள்: கஸ்மன், மன்ஃப்ரெதி, இவர். சினிமாப் பைத்தியமான பள்ளி ஆசிரியர் நிக்கோலா. தொலைக்காட்சி வினாடி வினாவில் சினிமா பற்றிய கேள்விகளாகவே வென்று வருகிறார். 'சைக்கிள் திருடர்கள்' படத்தில் அந்தச் சிறுவன் கடைசியில் ஏன் அழுகிறான் என்று கேட்கிறார்கள். கதைப்படி என்ன காரணம் என்பதுதான் கேள்வி. இவரோ, இயக்குநர் தெ சீகா அவன் சட்டைப்பையில் சிகரெட் துண்டுகளைப் போட்டு, பொறுக்கினாயா என்று திட்டி அழவைத்தார் என்று பதில் சொல்லி, தோற்றுப்போகிறார். அதிகம் தெரிந்ததால் தோற்றவன். பல வருடம் கழித்து, தெ சீகாவே ஒரு கூட்டத்தில் அதே சம்பவத்தைச் சொல்லக் கேட்டும் நிக்கோலாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கஸ்மனும் மன்ஃப்ரெதியும் அந்தப் படத்துக்குப் பிறகு கால் நூற்றாண்டு நடித்தார்கள். இவர் பெயரை மட்டும் தேட வேண்டியிருக்கிறது.

குடி, மன அழுத்தம், தறிகெட்ட வாழ்க்கை, இதுதானே பொதுக் காரணம்?

இல்லை. மேலே பார்த்தீர்களே: சிறுவயதுக் காய்ச்சல், மாரடைப்பு, துப்பாக்கி, புற்றுநோய், கார், ஈரல். நடிகன் என்றால் இப்படித்தான் முடிவான் என்று கோடு போட இதில் இடமில்லை.

முதலில் எந்தப் படத்தைப் பார்ப்பது?

'தபால்காரர்' எளிதில் கிடைக்கும், ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் பார்த்தால் ட்ரோய்சியை நோயாளியாகவே நினைத்துக்கொள்வீர்கள். நகைச்சுவை நடிகர் ரொபெர்த்தோ பெனிஞியோடு சேர்ந்து நடித்த 'அழுவதைத் தவிர வழியில்லை' (1984) பாருங்கள். இரண்டு பேர் வழி தவறிப் பதினைந்தாம் நூற்றாண்டுக்குள் போய்விடுகிறார்கள். சுங்கச்சாவடிக்காரன் ஒருவன் இவர்கள் கோட்டை எத்தனை தடவை தாண்டினாலும் அதே கேள்வியைக் கேட்டு, தடவைக்கு ஒரு ஃப்ளோரின் காசு கேட்பான். வயிறு வலிக்கச் சிரிக்கலாம்.

அப்புறம் ஸ்கோலாவின் 'மணி என்ன?' (1989). சிவித்தாவெக்கியா துறைமுகத்தில் ராணுவச் சேவையில் இருக்கும் மகனைப் பார்க்க, ரோமிலிருந்து வக்கீல் அப்பா ஒரு நாள் வருகிறார். அப்பா மாஸ்த்ரொயானி, மகன் ட்ரோய்சி. வெனிஸ் விழாவில் சிறந்த நடிகர் விருதை இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அப்பா, ரோமில் உனக்கு வீடு வாங்கிவிட்டேன் என்கிறார், புதுக் கார் என்கிறார். மகன் சங்கடத்தோடு தலையாட்டுகிறான். கடைசியில் அப்பா, ரயில்வேயில் இருந்த தாத்தாவின் பழைய பாக்கெட் கடிகாரத்தை எடுத்துக் கொடுக்கும்போதுதான் அவன் முகம் மலர்கிறது. காதில் வைத்துக் கேட்கலாம், மூடித் திறக்கலாம், யாராவது மணி கேட்டால் எடுத்துப் பார்க்கலாம். மாஸ்த்ரொயானி 1996 டிசம்பரில், 72 வயதில் மறைந்தார். படத்தில் மகனாக வந்தவர் அதற்கு இரண்டரை வருடம் முன்பே போயிருந்தார்.